பட்டறைக்குள் வராத ஆங்கிலம்

பாலிடெக்னிக் மாணவர்களுக்குத் தேவைப்படுவது எந்த ஆங்கிலம்? நாம் கற்றுத்தருவது எது?

இரவு இரண்டேகால் மணி. சி.என்.சி. மெஷினின் உச்சியில் சிவப்பு விளக்கு எரிகிறது. ஸ்பிண்டில் நின்றுவிட்டது. திரையில் ஒரே ஒரு வரி: ‘லூப் ஆயில் லெவல் லோ’. டிப்ளமோ முடித்து ஒரு வருடமாக அந்த லைனில் நிற்கும் இளைஞர், படித்ததும் ஆயிலை எடுத்துவந்து ஊற்றுகிறார். விளக்கு பச்சைக்கு மாறுகிறது. கால்மணி நேரம் போவதற்குள் மறுபடியும் சிவப்பு. இப்போது தொட்டியில் ஆயில் நிறைய இருக்கிறது. அப்படியென்றால் கோளாறு வேறெங்கோ. மெயினை ஆஃப் செய்துவிட்டு, பின்பக்க மூடியைக் கழற்றி, டார்ச் அடித்துத் தேடுகிறார். ஆயில் மட்டத்தைக் காட்டும் ஃப்ளோட் சுவிட்ச், பழைய கசடில் ஒட்டிக்கொண்டு அசையாமல் கிடக்கிறது. துடைத்து, ஆட்டிப் பார்த்து, மாட்டுகிறார். மெஷின் ஓடத் தொடங்குகிறது. யாரையும் தூக்கத்திலிருந்து எழுப்பவில்லை, யாரிடமும் யோசனை கேட்கவில்லை.

காலை ஆறு மணிக்கு ஷிஃப்ட் மாறும்போது லாக் புக்கை எடுக்கிறார். பேனா கொஞ்ச நேரம் தாளின்மேல் நிற்கிறது. பிறகு எழுதுகிறார்: ‘மெஷின் ப்ராப்ளம். நவ் ஓகே.’

அடுத்த ஷிஃப்ட்டுக்கு வருபவர் இதிலிருந்து எதையும் தெரிந்துகொள்ள முடியாது. கசடு எப்படிச் சேர்ந்தது, சுவிட்சை மாற்ற வேண்டுமா, பக்கத்து மெஷின்களையும் திறந்து பார்க்க வேண்டுமா என்று கேட்கும் வாய்ப்பே அந்த ஆலைக்கு இல்லாமல் போய்விட்டது. மாதக் கடைசியில் மெஷின் நின்ற நேரத்தைக் கணக்குப் பார்க்கும் மேலாளருக்கு, அந்த இரவில் வேலை செய்த மூளை கண்ணில் படப்போவதில்லை.

ஒரகடம், ஶ்ரீபெரும்புதூர், ஓசூர், அம்பத்தூர், கோவை என எந்தத் தொழிற்பேட்டைக்கும் பொருந்துகிற இரவு இது. அந்த இளைஞருக்கு ஆங்கிலமே வராது என்று யாராவது சொன்னால் அது தவறு. திரையில் வந்ததைப் படித்தார், புரிந்துகொண்டார். அவர் எழுதியிருக்க வேண்டியது மூன்றே வாக்கியம்: சுவிட்ச் ஒட்டிக்கொண்டிருந்தது, சுத்தம் செய்யப்பட்டது, ஒரு வாரத்துக்குள் மாற்ற வேண்டும். பத்து வருடம் பள்ளியிலும் ஒரு வருடம் கல்லூரியிலும் ஆங்கிலம் படித்த ஒருவரால் இந்த மூன்று வாக்கியங்களை எழுத முடியவில்லை என்றால், அவரைக் குறை சொல்வதற்கு முன் நாம் என்ன கற்றுத்தந்தோம் என்று பார்த்தாக வேண்டும்.

முதலாண்டோடு முடிகிற பாடம்

பத்தாம் வகுப்பு முடித்துச் சேர்ந்தால் மூன்று வருடம், ஆறு செமஸ்டர். இதுதான் தமிழ்நாட்டின் டிப்ளமோ படிப்பு. சேருகிறவர்களில் பெரும்பகுதி அரசுப் பள்ளியிலிருந்தும் தமிழ் வழியிலிருந்தும் வருபவர்கள். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிப்பவர்கள். அவர்களுக்கான ஆங்கிலத் தாள், கணிதம், இயற்பியல், வேதியியலோடு சேர்த்து முதலாண்டில் வைக்கப்பட்டிருக்கிறது. இரண்டாமாண்டில் துறைப் பாடங்கள் தொடங்கும்போது ஆங்கில வகுப்பு விடைபெற்றுக்கொள்கிறது. கடைசி வருடங்களில் ‘கம்யூனிகேஷன்’, ‘லைஃப் ஸ்கில்’ என்ற பெயர்களில் செய்முறை வகுப்பு எட்டிப் பார்ப்பதுண்டு. ஆனால் இன்டர்வியூவுக்கு எப்படி உட்கார வேண்டும் என்பதைத் தாண்டி அது போவது அபூர்வம்.

இந்த வரிசையே தலைகீழாக இருக்கிறது. லேத்தின் முன் நிற்கும்போதுதான் லேத்தைப் பற்றிப் பேசவும் எழுதவும் தேவை வரும். ஆனால் தேவை வரும் நாளில் ஆங்கில வகுப்பு இல்லை. வகுப்பு இருந்த வருடத்தில் பேசுவதற்குப் பொருள் இல்லை. முதலாண்டு மாணவர் நண்பனின் பிறந்தநாளுக்கு வாழ்த்துக் கடிதமும், விடுமுறையைப் பற்றி ஒரு பத்தியும் எழுதிப் பழகுகிறார். கைடில் இருக்கும் கட்டுரையை மனப்பாடம் செய்து தேர்ச்சி பெறுகிறார். அரியர் விழாமல் தப்பித்தால் போதும் என்பதுதான் அந்தத் தாளைப் பற்றி ஹாஸ்டல்களில் கேட்கிற பேச்சு.

பெட்டிச் செய்தி
இரண்டு முறை நழுவும் ஆங்கிலம்

ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாமாண்டில் சேரலாம். டிப்ளமோ முடித்தவர் பொறியியல் கல்லூரியில் நேரடியாக இரண்டாமாண்டு பி.இ. சேரலாம். ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளைப் பட்டம் வரை ஏற்றிவிடும் அருமையான படிக்கட்டு இது. ஆனால் பாலிடெக்னிக்கிலும் சரி, அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்திலும் சரி, அடிப்படை ஆங்கிலத் தாள்கள் இருப்பது முதலாண்டில். ஐ.டி.ஐ.யில் தொடங்கி இரண்டு படிகளையும் ஏறி வரும் ஒரு மாணவர், அந்த முதலாண்டு ஆங்கில வகுப்புகள் எதிலும் உட்காராமலேயே பொறியாளர் ஆகிவிட முடியும். ஆங்கிலம் யாருக்கு மிகவும் தேவையோ அவருக்கே அது இரண்டு முறை கைநழுவுகிறது.

மாணவரிடம் இருப்பதும் இல்லாததும்

பட்டறையில் ஒரு மணி நேரம் நின்று கவனித்தால் ஒன்று புரியும். மாணவர்களின் பேச்சில் ஆங்கிலத்துக்குப் பஞ்சமே இல்லை. சக், ஸ்பிண்டில், டெயில்ஸ்டாக், கூலன்ட், வெர்னியர், டாலரன்ஸ், ரீவொர்க், ரிஜெக்‌ஷன், ஃபிக்சர் என்று சொற்கள் கொட்டுகின்றன. எலெக்ட்ரிக்கல் லேப்பில் இன்னொரு நூறு, சிவில் சர்வே வகுப்பில் வேறொரு நூறு. மூன்று வருடத்தில் ஒரு டிப்ளமோ மாணவர் சேர்த்துவைக்கும் தொழில்சொற்கள் எந்த ஆங்கிலப் பாடநூலிலும் கிடைக்காதவை. பொருட்பெயர்கள் அவரிடம் ஏராளம்.

அவரிடம் இல்லாதவை வேறு. ‘முன்பு’, ‘பிறகு’, ‘அதனால்’, ‘ஒருவேளை’, ‘இல்லாவிட்டால்’, ‘வரைக்கும்’ என்று காரியங்களைக் காலத்தோடும் காரணத்தோடும் கோக்கிற சிறிய சொற்கள். ‘சக்கை டைட் பண்ணு’, ‘ஆஃப்செட் செக் பண்ணு’ என்னும் பட்டறைப் பேச்சில் வினையின் வேலையையெல்லாம் ‘பண்ணு’வே பார்த்துக்கொள்கிறது. பேச்சுக்கு அது போதும். லாக் புக்கில் எழுத உட்காரும்போது ‘பண்ணு’ துணைக்கு வராது. நடந்ததா, நடக்கிறதா, செய்ய வேண்டுமா, செய்யவே கூடாதா என்பதை ஆங்கில வினைதான் சொல்ல வேண்டும். பெயர்கள் மட்டும் கையில் இருப்பவர் ‘மெஷின் ப்ராப்ளம்’ என்று எழுதுவது இதனால்தான்.

ஆகவே ஏ, பி, சி, டி.யிலிருந்து மறுபடியும் தொடங்க வேண்டியதில்லை. சுமார் இருபது வினைச்சொற்கள், அவற்றின் இறந்தகால வடிவங்கள், பத்துப் பதினைந்து இணைப்புச் சொற்கள், கட்டாயத்தையும் தடையையும் சொல்லும் சில துணைவினைகள். இவற்றை மாணவருக்கு ஏற்கெனவே தெரிந்த பொருட்பெயர்களோடு சேர்த்துப் பழக்கினால், ஒரு செமஸ்டரில் அவருடைய லாக் புக் மாறிவிடும் என்பது என் உறுதியான நம்பிக்கை.

ரெக்கார்டு நோட்டு என்னும் வீணான புதையல்

ஒவ்வொரு பாலிடெக்னிக் மாணவரும் மூன்று வருடத்தில் நூற்றுக்கணக்கான பக்கங்கள் ஆங்கிலத்தில் எழுதுகிறார். நம்ப முடிகிறதா? ரெக்கார்டு நோட்டுதான் அது. நோக்கம், தேவையான கருவிகள், செய்முறை, அளவீடுகள், முடிவு என்று ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு வடிவம். ‘ஜாப் சக்கில் பிடிக்கப்பட்டது, ஃபேசிங் செய்யப்பட்டது’ என்று எல்லாமே செயப்பாட்டு வினையில், இறந்தகாலத்தில். ஆலையில் எழுத வேண்டிய ரிப்போர்ட்டின் மொழியும் ஏறக்குறைய இதுவேதான்.

ஆனால் அந்தப் பக்கங்கள் எழுதப்படுவதில்லை, பிரதி எடுக்கப்படுகின்றன. சீனியரின் ரெக்கார்டு ஜூனியருக்கு வருகிறது. எழுத்துப்பிழையும் சேர்ந்தே வருகிறது. கையெழுத்து அழகாக இருக்கிறதா, படம் பென்சிலில் இருக்கிறதா, நாள் தவறாமல் கையெழுத்து வாங்கப்பட்டதா என்று பார்க்கிறார்கள். எழுதியது இவருடைய வாக்கியமா என்று யாரும் பார்ப்பதில்லை. துறை ஆசிரியர் அதை ஆங்கில ஆசிரியரின் வேலை என்று நினைக்கிறார். ஆங்கில ஆசிரியரின் கைக்கு அந்த நோட்டு வருவதே இல்லை.

பத்து சோதனைகளில் எட்டை வழக்கம்போல எழுதட்டும். மீதி இரண்டை மட்டும், சோதனை முடிந்த கையோடு, நோட்டைப் பார்க்காமல், தன் சொந்த வாக்கியத்தில் அரைப் பக்கம் எழுதவைத்து, அதை ஆங்கில ஆசிரியர் திருத்தினால் போதும். கூடுதல் நிதி வேண்டாம், புதிய கட்டடம் வேண்டாம், மென்பொருள் வேண்டாம். ஒரே வளாகத்தில் இரண்டு ஆசிரியர்கள் ஒருவரோடு ஒருவர் பேசினால் நடக்கக்கூடிய காரியம்.

வகுப்பின் அந்தப் பக்கம்

ஆங்கில ஆசிரியர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எனக்கு மனமில்லை. எம்.ஏ. ஆங்கில இலக்கியம் படித்து, ஷேக்ஸ்பியரையும் வேர்ட்ஸ்வொர்த்தையும் நேசித்து, பலவருடம் தேர்வெழுதி வேலைக்கு வந்தவர்கள் அவர்கள். மில்லிங் மெஷினைப் பக்கத்தில் நின்று பார்க்கும் வாய்ப்பை அவர்களுக்கு யாரும் தந்ததில்லை. வகுப்பில் அறுபது பேர். பலர் வாயைத் திறக்கவே கூச்சப்படுவார்கள். ‘எங்களுக்கு இங்கிலீஷ் வராது மேம்’ என்ற ஒரு வாக்கியத்தை முதல் நாளே சொல்லிவிட்டுப் பின்வரிசைக்குப் போய்விடுகிற பிள்ளைகளோடு மல்லுக்கட்ட வேண்டும். பல கல்லூரிகளில் ‘முதலாண்டுத் துறை’ என்ற ஒரு மூலையில், ஆலோசனைக் கூட்டத்தில் கடைசி நாற்காலியில்தான் அவர்களுக்கு இடம்.

ஆள் பற்றாக்குறையும் சேர்ந்துகொண்டது. அரசு பாலிடெக்னிக்குகளில் ஆங்கிலம் உள்ளிட்ட பாடங்களுக்கான 1,058 விரிவுரையாளர் பணியிடங்களுக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் 2017-ல் தேர்வு நடத்தியது. மதிப்பெண் முறைகேடு வெளிவந்து 2018-ல் அந்தத் தேர்வே ரத்தானது. மறுதேர்வு நடந்தது 2021 டிசம்பரில். இடைப்பட்ட நாலு வருடத்தில் முதலாண்டில் சேர்ந்து, டிப்ளமோவே முடித்து வெளியேறிவிட்டது ஒரு தலைமுறை மாணவர் கூட்டம். தகுதியோடு காத்திருந்த ஆசிரியர்களுக்கும் அந்த வருடங்கள் திரும்பி வரப்போவதில்லை.

அரசு எதுவும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 2022 மார்ச் 1-ல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டம் தொழில்திறனோடு ஆங்கிலத் திறனையும் கணக்கில் எடுத்துக்கொண்டது. ‘புதுமைப் பெண்’ திட்டமும், அதன்பின் வந்த ‘தமிழ்ப் புதல்வன்’ திட்டமும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தந்து கல்லூரியில் தக்கவைக்கின்றன; டிப்ளமோ, ஐ.டி.ஐ. மாணவர்களும் அதில் உண்டு. வாசலைத் தாண்டி உள்ளே கொண்டுவந்தாயிற்று. உள்ளே ஆங்கில வகுப்பின் அந்த ஒரு மணி நேரத்தில் என்ன நடக்கிறது என்பதுதான் மிச்சமிருக்கும் கேள்வி.

கேம்பஸ் அன்று நடப்பது

மூன்றாமாண்டில் கம்பெனிகள் வருகின்றன. முதல் கேள்வி எல்லோருக்கும் தெரியும்: ‘டெல் மீ அபௌட் யுவர்செல்ஃப்’. வாட்ஸ்அப்பில் சுற்றும் பதிலை மாணவர் ஒப்பிக்கிறார். ‘ஹார்டு வொர்க்கர்’, ‘டீம் பிளேயர்’ என்று ஐம்பது பேரும் ஒரே பதில். இரண்டாவது கேள்வியில் மனப்பாடம் தீர்ந்துபோகிறது. பிறகு குரூப் டிஸ்கஷன். அசெம்ப்ளி லைனில் டார்க் ரென்ச் பிடிக்கப்போகிறவரை, சமூக ஊடகங்களின் நன்மை தீமை பற்றி ஆங்கிலத்தில் வாதாடச் சொல்கிறார்கள். கையில் தொழில் உள்ளவர் பேசாமல் நிற்க, பேசத் தெரிந்தவர் அடுத்த சுற்றுக்குப் போகிறார்.

இந்தத் தேர்வுமுறையால் ஆலைக்கும் நஷ்டம்தான். மேஜையில் தேய்ந்துபோன ஒரு டூல் பிட்டை வைத்து, ‘இதற்கு என்ன ஆயிற்று, ஏன் ஆயிற்று, என்ன செய்வீர்கள்?’ என்று ஆங்கிலத்தில் கேட்டுப் பாருங்கள். தப்பும் தவறுமாகவாவது அந்த மாணவர் பேசுவார். அவருக்குச் சொல்வதற்கு விஷயம் இருக்கிறது. எந்த ஆங்கிலம் வேலைக்கு வேண்டுமோ அதுவும் அந்தப் பதிலிலேயே வெளிப்பட்டுவிடும்.

வேலையில் சேர்ந்தபின்தான் உண்மையான விலை தெரிகிறது. வாகன உதிரிபாகம் செய்யும் ஆலைகளில் வாடிக்கையாளரிடமிருந்து ஒரு புகார் வந்தால், என்ன கோளாறு, மூலகாரணம் என்ன, மறுபடி வராமல் இருக்க என்ன செய்தோம் என்று ‘எய்ட் டி’ ரிப்போர்ட் போக வேண்டும். காரணத்தைக் கண்டுபிடிப்பவர் பெரும்பாலும் டிப்ளமோக்காரர். அதை எழுதி, ஸ்லைடு போட்டு, கூட்டத்தில் நின்று சொல்பவர் வேறொருவர். வருடக் கடைசியில் பதவி உயர்வு யாருக்குப் போகும் என்று சொல்லத் தேவையில்லை. இன்ஜினியர் ஆகியிருக்க வேண்டியவர், பத்து வருடம் டெக்னீஷியனாகவே நிற்கிறார்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998 முதல் கார் தயாரிக்கிறது. ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை 2010-ல் வந்தது. இப்படிப்பட்ட ஆலைகளில் நம் பிள்ளை ஆங்கிலத்தில் பேசப்போவது ஒரு கொரியரோடு, ஒரு ஜப்பானியரோடு, ஒரு ஜெர்மானியரோடு. அவர்களுக்கும் ஆங்கிலம் படித்து வந்த மொழிதான். லண்டன் உச்சரிப்பு அங்கே யாருக்கும் தேவையில்லை. சிறிய வாக்கியம், சரியான அளவு, தெளிவான வினை. இது போதும். உச்சரிப்பைக் காட்டிப் பிள்ளைகளைப் பயமுறுத்துகிற ‘ஸ்போக்கன் இங்கிலீஷ்’ விளம்பரங்களுக்குப் பெற்றோர் பணத்தைக் கொட்டுவதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

பெட்டிச் செய்தி
349 உயிர்கள் கற்பித்த பாடம்

1996 நவம்பர் 12 மாலை. டெல்லியிலிருந்து கிளம்பிய சவூதி போயிங் விமானமும், டெல்லிக்கு வந்துகொண்டிருந்த கஜகஸ்தான் விமானமும் ஹரியானாவின் சர்க்கி தாத்ரி அருகே வானில் மோதின. இரண்டிலும் இருந்த 349 பேரும் இறந்தார்கள். சவூதி விமானம் 14,000 அடியிலும், கஜகஸ்தான் விமானம் 15,000 அடியிலும் இருக்க வேண்டும் என்பது கட்டுப்பாட்டு அறையின் உத்தரவு. கஜகஸ்தான் விமானம் அந்த உயரத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. நீதிபதி ஆர்.சி. லகோதி தலைமையிலான விசாரணை, அந்த விமானக் குழுவினரின் போதாத ஆங்கிலத்தையும் காரணங்களில் ஒன்றாகச் சுட்டியது. இத்தகைய விபத்துகளுக்குப் பிறகு சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு, விமானிகளுக்கும் கட்டுப்பாட்டாளர்களுக்கும் ஆறு படிநிலைகள் கொண்ட ஆங்கிலத் தேர்வைக் கொண்டுவந்தது. 2008 மார்ச் முதல் நான்காம் நிலை கட்டாயம். நான்காம் நிலையில் நிற்பவர் மூன்று வருடத்துக்கு ஒருமுறை மறுபடியும் தேர்வெழுத வேண்டும்.

உயிரோடு சம்பந்தப்பட்ட மொழி

பாதுகாப்பு என்றதும் ஆங்கிலம் தெரியாததுதான் ஆபத்து என்று நினைத்துவிடக் கூடாது. 1988 ஜூலை 6 அன்று வடகடலில் ‘பைப்பர் ஆல்ஃபா’ எண்ணெய் மேடை வெடித்து 167 பேர் இறந்தார்கள். பழுதுபார்ப்புக்காக ஒரு பம்ப்பின் பாதுகாப்பு வால்வு கழற்றப்பட்டிருந்தது. அந்தத் தகவல் இரவு ஷிஃப்ட்டுக்குச் சரியாகப் போய்ச்சேரவில்லை. அவர்கள் அந்தப் பம்ப்பை ஓடவிட்டார்கள். அந்த மேடையின் அன்றாட மொழியே ஆங்கிலம்தான். ஷிஃப்ட் மாறும்போது எதை எழுதுவது, எப்படி எழுதுவது, எழுதியதை யாரிடம் வாய்விட்டுச் சொல்வது என்பதெல்லாம் தனியாகப் பழக வேண்டிய தொழில்திறன். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவருக்கும் அது தானாக வந்துவிடுவதில்லை. நம் கல்லூரிகளில் வெல்டிங்கைப் போல, ஒயரிங்கைப் போல இதையும் ஒரு திறனாகக் கற்பிக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

செவிலியர்களைப் பாருங்கள். வெளிநாட்டு வேலைக்காக நம் செவிலியர்கள் எழுதும் ‘ஓ.இ.டி.’ தேர்வு 1980களின் கடைசியில் ஆஸ்திரேலியாவில் உருவானது. அதில் பொதுக்கட்டுரை கிடையாது. நோயாளியின் குறிப்புகளைப் படித்துவிட்டு, வேறொரு மருத்துவருக்கோ பராமரிப்பு இல்லத்துக்கோ அவரை ஒப்படைக்கும் கடிதம் எழுத வேண்டும். நோயாளியோடு பேசுவதுபோல நடித்துக் காட்ட வேண்டும். வார்டில் செய்யும் வேலையையே தேர்வாக்கியிருக்கிறார்கள். அப்படியிருக்க மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல் டிப்ளமோவுக்கு மட்டும் ஏன் விடுமுறைக் கட்டுரை?

சிறிய ஆங்கிலம், முழு ஆங்கிலம்

தொழில் உலகம் ஆங்கிலத்தை எப்போதோ சுருக்கிக்கொண்டது. விமானப் பராமரிப்புக் கையேடுகளை உலகம் முழுக்க உள்ள மெக்கானிக்குகள் பிழையில்லாமல் படிக்க வேண்டும் என்பதற்காக 1980களில் ஐரோப்பிய விமானத் தொழில்துறை ஓர் எளிய ஆங்கிலத்தை வகுத்தது. ‘சிம்ப்ளிஃபைடு டெக்னிக்கல் இங்கிலீஷ்’ என்று இன்று அழைக்கப்படும் அதன் பொது அகராதியில் அனுமதிக்கப்பட்ட சொற்கள் ஏறக்குறைய 900 மட்டுமே. கருவிகளின் பெயர்கள் தனி. ஒரு சொல்லுக்கு ஒரே பொருள். செய்முறை சொல்லும் வாக்கியம் இருபது சொற்களைத் தாண்டக் கூடாது. ஒரு வாக்கியத்தில் ஒரு கட்டளை. மண்வாரி இயந்திரங்கள் செய்யும் கேட்டர்பில்லர் நிறுவனம் 1970களிலேயே ஆயிரத்துக்கும் குறைவான சொற்களில் தன் கையேடுகளை எழுதிப் பார்த்தது. கடலோடிகளுக்கு சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2001-ல் ‘நிலையான கடல் தொடர்புச் சொற்றொடர்களை’ ஏற்றுக்கொண்டது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் பயிலும் மாணவர் கப்பலேறும்போது, சொல்லப்போவது எச்சரிக்கையா, கேள்வியா, உத்தரவா என்பதை முதல் சொல்லிலேயே அறிவித்துவிட்டுப் பேசும் முறை அவருக்காகத் தயாராக இருக்கிறது.

ஆங்கிலக் கடல் முழுவதையும் நீந்த வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொன்னாலே பாதி பயம் போய்விடும். இந்தத் தொள்ளாயிரம் சொற்களை வைத்துக்கொண்டு தன் தொழிலைப் பிழையில்லாமல் எழுதத் தெரிந்தவர், பிறகு தன் ஆசைப்படி நாவலும் படிப்பார், சினிமாவும் பார்ப்பார். இலக்கியம் அவருக்கு மறுக்கப்படவில்லை. அதற்கான கதவு வேறு பக்கமிருந்து திறக்கிறது.

பெட்டிச் செய்தி
உலகத்துக்குப் போன நம் ஊர் யோசனை

1979 முதல் 1984 வரை, சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய என்.எஸ். பிரபு, தென்னிந்தியப் பள்ளிகளில் ஒரு சோதனை நடத்தினார். ‘பெங்களூர் புராஜெக்ட்’ என்று பெயர் பெற்ற அது சென்னை, கடலூர் பள்ளிகளிலும் நடந்தது. இலக்கண விதிகளை வரிசையாகச் சொல்லித்தராமல், ரயில் கால அட்டவணையைப் பார்த்துப் பயணம் திட்டமிடு, வரைபடத்தைப் பார்த்து வழி சொல் என்று வேலைகளைக் கொடுத்தார். பொருளில் கவனம் இருக்கும்போது மொழி தானாகப் படிகிறது என்பது அவர் நிலைப்பாடு. 1987-ல் இது நூலாக வந்தது. உலகம் முழுவதும் இன்று பேசப்படும் ‘பணிவழி மொழிக்கற்பித்தல்’ முறையின் முன்னோடிகளில் ஒன்று கடலூர் வகுப்பறையையும் தொட்டுச் சென்றது.

தமிழின் இடம்

இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு, தமிழை ஒதுக்கச் சொல்கிறேன் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. கருத்து புரிவது தாய்மொழியில்தான். அண்ணா பல்கலைக்கழகம் 2010-ல் சிவில், மெக்கானிக்கல் பாடங்களைத் தமிழ்வழியில் தொடங்கியதை வரவேற்றவர்களில் நானும் ஒருவன். தமிழ்வழியில் படித்தோருக்கு அரசுப் பணியில் 20 சதவிகித முன்னுரிமை தரும் சட்டமும் அதே வருடம் வந்தது. ஆனால் டிப்ளமோக்காரர்களில் மிகப் பலர் போவது தனியார் ஆலைக்கு. அங்கே அந்தச் சட்டம் இல்லை.

ஆலைக்குள் தமிழுக்கு உறுதியான இடம் உண்டு. 1948-ன் தொழிற்சாலைகள் சட்டம், அதன் 108-வது பிரிவில், அறிவிப்புகள் ஆங்கிலத்திலும் பெரும்பாலான தொழிலாளர்களுக்குப் புரியும் மொழியிலும் இருக்க வேண்டும் என்றது. சிங்கப்பூரில் கட்டுமான வேலைக்குப் போகிறவர்களுக்கான பாதுகாப்புப் பயிற்சி தமிழிலும் நடக்கிறது. ஆபத்தைத் தாய்மொழியில்தான் சொல்ல வேண்டும். அதில் சமரசமே கூடாது.

அதைச் சொல்லப்போவது யார்? ஆங்கிலக் கையேட்டைப் படித்து, லைனில் நிற்கும் ஆபரேட்டருக்குத் தமிழில் விளக்கி, அவர் தமிழில் சொன்ன புகாரை ஆங்கிலத்தில் எழுதி மேலே அனுப்பும் இடத்தில் நிற்பவர் டிப்ளமோக்காரர்தான். இரண்டு மொழிகளுக்கும் நடுவே நிற்பதுதான் அவர் வேலை. ஜெர்மனியில் தொழிற்கல்விப் பள்ளி மாணவர்களுக்கு 1998 முதல் ஒரு வேற்றுமொழிச் சான்றிதழ் இருக்கிறது. தொழில் வாரியாகத் தேர்வு. படித்தல், எழுதுதல், பேசுதலோடு, ஜெர்மனில் உள்ளதை ஆங்கிலத்திலும் ஆங்கிலத்தில் உள்ளதை ஜெர்மனிலும் எடுத்துச் சொல்வதும் அதில் ஒரு பகுதி. நம் ஊரிலோ, வகுப்பில் தமிழில் ஒரு வார்த்தை பேசினால் அபராதம் போடும் கல்லூரிகள் இருக்கின்றன. அந்த அபராதத்தை இன்றே நிறுத்த வேண்டும். தமிழில் விளக்கச் சொல்லி மதிப்பெண் கொடுக்க வேண்டும்.

இனி செய்ய வேண்டியது

தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்துக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பாடத்திட்டத்தைத் திருத்தும்போது, ஆங்கிலக் குழுவில் பேராசிரியர்களோடு ஒரு பட்டறைப் பயிற்றுநரையும், ஆலையில் லாக் புக்குகளைத் தினம் படிக்கும் ஒரு ஷிஃப்ட் சூப்பர்வைசரையும் உட்கார வையுங்கள். முதலாண்டில் குவித்துவைத்திருக்கும் ஆங்கில நேரத்தை ஆறு செமஸ்டருக்கும் பிரித்துப் போடுங்கள். வாரத்தில் ஒரு மணி நேரமாவது அது பட்டறையிலோ லேப்பிலோ நடக்கட்டும். நேரடி இரண்டாமாண்டில் வருபவருக்கு ஒரு இணைப்புப் பயிற்சி கட்டாயமாக இருக்கட்டும். கேள்வித்தாளில் ஒரு பக்கக் கையேட்டைக் கொடுத்து, அதைப் படித்து, நடந்த பழுதைப் பற்றி ஆறு வாக்கியம் எழுதச் சொல்லுங்கள். ஆங்கில ஆசிரியர்களைக் கோடை விடுமுறையில் இரண்டு வாரம் ஓர் ஆலைக்கு அனுப்புங்கள்; அவர்கள் திரும்பி வந்து எழுதும் பாடம் வேறாக இருக்கும்.

ஆலை நிர்வாகங்களுக்கும் ஒன்று. கேம்பஸுக்கு வரும்போது குரூப் டிஸ்கஷனை விட்டுவிட்டு ஒரு உதிரிபாகத்தைக் கொண்டுவாருங்கள். வேலைக்கு எடுத்தபின், நன்றாக எழுதப்பட்ட பத்து லாக் புக் பக்கங்களைப் புதியவர்களின் கையில் கொடுங்கள். உங்கள் ஆலையின் ஆங்கிலம் எப்படி இருக்க வேண்டும் என்று அவர்களிடம் இதுவரை யாரும் சொன்னதில்லை.

டிப்ளமோ படிக்கும் தம்பி, தங்கைகளே! பாடத்திட்டம் மாறும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டாம். அடுத்த ரெக்கார்டை எழுதும்போது சீனியரின் நோட்டை மூடிவையுங்கள். அன்று உங்கள் கையால் செய்ததை ஐந்து வாக்கியத்தில் நீங்களே எழுதுங்கள். தப்பாக இருந்தாலும் பரவாயில்லை. அதை எடுத்துக்கொண்டு உங்கள் ஆங்கில ஆசிரியரிடம் போய், திருத்தித் தரச் சொல்லிக் கேளுங்கள்.